நாலில் ஒரு கயிறு

லிஃப்டுக்குள் யாருமே இல்லை. ஆனாலும் பாரம் அதிகம், பாரம் அதிகம் என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் அது. மொட்டைமாடிக்கும் மேலே, இயந்திர அறையில், இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி அந்த லிஃப்டைப் பராமரிக்கும் மெக்கானிக். அவள் போய்வரும் எல்லாக் கட்டடங்களிலும் அவளுக்கு லிஃப்ட்காரி என்றுதான் பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவளும் தயங்காமல் திரும்பிப் பார்ப்பாள். மற்றவன் அவளோடு ஜோடியாக வேலைக்கு வருகிறவன். உடம்பு நூறு கிலோவைத் தொட்டுக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் அவன் ஒல்லி. எடைக்கல் வந்து சேராத நாளில் ஒல்லியை ஏற்றியே பாரம் பார்த்துவிடலாம் என்பது கம்பெனியில் பழைய கேலி.

"காலிப் பெட்டிக்கு இவ்வளவு கூப்பாடா!" என்றான் ஒல்லி. "ஜீரோ பண்ணிடுக்கா. அடுத்த பில்டிங்ல மூணு கம்ப்ளைன்ட் காத்துக்கிட்டு இருக்கு."

பாரம் பார்க்கும் கருவி உள்ளங்கை அளவுதான் இருக்கும். மலிவான ரகம். லிஃப்டின் கேபினைத் தாங்குகிற நாலு கயிறுகளில் ஒன்றை மட்டும் பிடித்து நாடி பார்க்கும். மற்ற மூன்றும் இதே பாரத்தைத்தான் சுமக்கும் என்று நம்பி, கண்டதை நாலால் பெருக்கிக்கொள்ளும். அதன் பக்கவாட்டில் ஒரு பட்டன். மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால், இப்போது இருப்பதுதான் காலி, இதுதான் பூஜ்யம் என்று கருவி புதிதாக மனதில் வைத்துக்கொள்ளும். மணி நின்றுவிடும். மழை பெய்தாலும் வெயில் ஏறினாலும் சென்சார் கொஞ்சம் உளறத்தான் செய்யும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உளறினால் ஜீரோ பண்ணு, பையைத் தூக்கு, அடுத்த கட்டடத்துக்குப் போ.

அவள் விரல் பட்டன்மேல் போய்விட்டது. ஒல்லி சும்மா நிற்க முடியாமல் கயிறுகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இரு இரு. இது மட்டும் விண்ணுன்னு இருக்கு. மத்த மூணும் தொளதொளன்னு ஆடுது பாரு. சென்சார் பொய் சொல்லலக்கா. மூணு பேர் சும்மா நிக்கறானுங்க, ஒருத்தன் தலையில மொத்தத்தையும் கட்டிட்டானுங்க." பிறகு அவனே சிரித்தான். "எங்க வீட்டு மாதிரியே."

அவள் சிரிக்கவில்லை. விரலை எடுத்தாள். அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இதே மணி அவள் குடியிருக்கும் கட்டடத்தில் அடித்தது. அதுவும் காலி கேபின்தான். அங்கேயும் ஒரே லிஃப்ட், அங்கேயும் நாலு கயிறு, அதைப் பராமரிப்பதும் அவள்தான். அன்றைக்கு அவள் கணவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டியிருந்தது. சக்கர நாற்காலியில் அவனைப் பத்தாவது மாடி லிஃப்ட் வாசலில் விட்டுவிட்டு மேலே இயந்திர அறைக்கு ஓடினாள். கயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. பட்டனை அழுத்தி மூன்று வரை எண்ணினாள். மணி நின்றது. அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"என்னக்கா? ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு?"

அவள் அதற்குள் போனை எடுத்திருந்தாள். கணவனின் போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. எடுக்கமாட்டான். காலையில் நடந்த சண்டை அப்படி. "சுவத்துல மாட்டின படம் மாதிரி எத்தனை நாள் உட்கார்ந்திருப்பே? கீழ போய் ஒரு பத்து நிமிஷம் வெயில்ல நில்லேன்," என்று சொல்லிவிட்டாள். "நிக்க முடிஞ்சா நிக்க மாட்டேனா?" என்று அவன் கேட்டான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள்.

தன் கட்டடத்து வாட்ச்மேனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, லிஃப்ட்ல யாரையும் ஏறவிடாதீங்க. இப்பவே போய் வாசல்ல நில்லுங்க."

"அதெப்படிம்மா? பன்னெண்டாவது மாடியில வீடு காலி பண்றாங்க. காலையிலேர்ந்து ஆறு நடை இறக்கியாச்சு. இப்ப ஏழாவது நடை வருது. பீரோ. சாமான்காரங்க மேஸ்திரி, அந்த மீசை, அவரே கூட வர்றார். நடுவுல பத்துல நின்னு உங்க வீட்டுக்காரரையும் ஏத்திக்கிட்டாங்களாம். அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கு அப்புறம் இப்பத்தானே கீழ வர்றார்?"

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"இப்ப எந்த மாடி காட்டுது?"

"ஒன்பது. ஏம்மா, கரண்ட்டைப் பிடுங்கிடவா? மெயின் சுவிட்ச் ரூம் தொறந்துதான் இருக்கு."

ஓடுகிற லிஃப்டில் மின்சாரத்தைப் பிடுங்கினால் பிரேக் பளிச்சென்று கவ்வும். மொத்தப் பாரமும் ஒரே உதறலாகக் கயிற்றின் தலையில் போய் விழும். விட்டுவிட்டாலோ, முப்பது விநாடி. முப்பது விநாடி பொறுத்தால் தானாகவே தரைக்கு வந்துவிடும். இரண்டில் எது அவனைக் கொல்லும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேண்டாம். தொடாதீங்க. நம்பரை மட்டும் சொல்லுங்க."

"எட்டு," என்றார் வாட்ச்மேன். அவருக்கும் இப்போது குரல் மாறிவிட்டது. "ஏழு. ஏழு... ஏழுலயே நிக்குதும்மா. அய்யோ, மேல என்னமோ டமார்னு..."

ஒல்லி ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தான். கிளம்பும்போதே இந்த அலுவலக லிஃப்டை அணைத்து, பூட்டைப் போட்டு, சாவியை வாயில் கவ்விக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை.

பைக்கின் பின்னால் உட்கார்ந்தபோதுதான் அவள் கை தன் இடுப்பைத் தடவியது. சாவிக்கொத்து. அவள் கட்டடத்து இயந்திர அறையின் சாவியும் அதில்தான் தொங்கியது. வாட்ச்மேனிடம் இருக்கவேண்டிய சாவி. தன் வீடுதானே, தான்தானே பார்க்கிறோம் என்று அவளே வைத்துக்கொண்டது. வேறு யாரைக் கூப்பிட்டாலும் அந்தக் கதவைத் திறக்க முடியாது. அவள்தான் போகவேண்டும், நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, எல்லாச் சிவப்பு விளக்கையும் தாண்டி.

இரண்டாவது சிக்னலில் அவள் போன் அடித்தது. கணவன்.

"எங்க இருக்கே?" என்றான். மெதுவாகத்தான் பேசினான். பக்கத்தில் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக்கூடாது என்பதைப்போல.

"வந்துக்கிட்டே இருக்கேன். உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல தொங்கறோம். ஒரு கயிறு அவுந்து வந்து கூரை மேல விழுந்திருக்கு. சத்தத்துலயே தெரிஞ்சுது. கயிறு தளர்ந்ததும் தொங்கல் சுவிட்ச் கரண்ட்டை கட் பண்ணி நிறுத்திடுச்சு. இங்க ஒரு மீசைக்காரர் இருக்கார். கதவைப் பிளந்து குதிக்கட்டுமான்னு கேட்டுக்கிட்டே இருக்கார். அசைஞ்சா ரெண்டு பேரும் காலின்னு சொல்லி உட்கார வெச்சிருக்கேன். மிச்சம் மூணு எப்படி இருக்கும்? நீதானே பார்க்கறே. எதை நம்பலாம் சொல்லு."

பைக் ஒரு பேருந்தின் இடுக்கில் புகுந்து வெளியே வந்தது.

அவனும் லிஃப்ட் மெக்கானிக்தான். அவளுக்கு முன்னாலேயே அந்தத் தொழிலில் இருந்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் யாரோ ஒருவன் கதவுப் பூட்டைச் சோதிக்க ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டுவிட்டு, அதை எடுக்க மறந்து, டீ குடிக்கப் போய்விட்டான். கேபின் இல்லாத மாடியில் கதவு திறந்துகொண்டது. இவன் காலை வைத்தான். இரண்டு மாடி கீழே, குழியில் எடுத்தார்கள். அந்த ஆளின் பெயரை அவன் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஒயர்க்காரன் என்பான். ஒயர்க்காரன் ஒருமுறை வீட்டு வாசல்வரை வந்து நின்றபோது, கதவைத் திறக்காதே என்று அவளிடம் சொன்னான். அவளும் திறக்கவில்லை.

பொய் சொல்லலாம். சென்சார் கோளாறு, மூன்று கயிறும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று சொல்லலாம். அவன் நம்புவான். நம்பி, அந்த மீசைக்காரரை எழுந்து நிற்கவிட்டாலும் விடுவான்.

"எதையும் நம்பாதே," என்றாள். "பன்னெண்டு நாளைக்கு முன்னாடி காலி கேபின்லயே ஓவர்லோடு அடிச்சுது. நான்தான் ஜீரோ பண்ணேன்."

"கயிறைத் தொட்டுப் பார்த்தியா?"

"இல்ல."

"ஏன்?"

"உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், டைம் ஆயிடுச்சு..."

"என் மேல போடாதே," என்றான்.

காற்று கண்ணீரைக் காதுப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

"போன்ல சார்ஜ் இல்ல," என்றான் அவன். "மேல ஏறினதும் இன்டர்காம்ல வா."

கட்டடத்து வாசலில் பாதி ஏற்றிய லாரி நின்றது. நடைபாதையில் நாற்காலிகள், சுருட்டிய மெத்தைகள், கண்ணாடி வெளியே தெரிகிற ஓர் அலமாரி. வீட்டின் வயிற்றைக் கிழித்து வெளியே கொட்டியதைப்போல இருந்தது. வாட்ச்மேன் என்னமோ சொல்ல வந்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் படியேறினாள். ஐந்தாவது மாடிவரை கால்கள் அவளுடையவையாக இருந்தன. அதற்குமேல் யாருடைய கால்களோ ஏறின. ஆறாவது மாடியில் மூடியிருந்த லிஃப்ட் கதவைத் தாண்டும்போது உள்ளே, தலைக்குச் சற்று மேலே, ஒருவர் இருமுவது கேட்டது. உள்ளங்கையை ஒரு கணம் கதவில் வைத்தாள். பிறகு ஓடினாள்.

இயந்திர அறை வெப்பத்தில் எண்ணெய் மணத்தது. முதலில் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்தாள். பிறகு கயிறுகளின் நுனிகள் கட்டியிருக்கும் இரும்புச் சட்டத்துக்கு முன்னால் மண்டியிட்டாள்.

ஒவ்வொரு நுனியும் ஓர் ஆப்புக்குள் மடங்கி இறுகியிருக்கவேண்டும். ஆப்பு நழுவாமல் மேலே இரண்டு கிளிப். போன மாதம் கயிறு நீண்டுவிட்டது என்று வேறொரு குழு வந்து வெட்டிச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. முதல் கயிற்றுக்கு மட்டும் கிளிப் போட்டிருந்தார்கள். சென்சார் பிடித்திருந்த கயிறும் அதுதான். மற்ற மூன்றுக்கும் போடவே இல்லை. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் குனிந்து பார்த்திருந்தால் கண்ணில் அறைந்திருக்கும். மூன்றாவது ஆப்பு காலியாக இருந்தது. அதிலிருந்த கயிறுதான் உருவிக்கொண்டு கீழே விழுந்திருக்கிறது. நாலாவது கயிற்றின் நுனியில் ஒரு விரற்கடைதான் மிச்சம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு நெல்மணி அளவு உள்ளே போனது.

"அக்கா," என்றான் பின்னால் வந்து சேர்ந்த ஒல்லி. மூச்சு வாங்கியதில் அதற்குமேல் பேச முடியவில்லை. பையைக் கவிழ்த்தான். மூன்று கிளிப் இருந்தன. நாலாவதுக்கு இரண்டு, இரண்டாவதுக்கு ஒன்று. ஸ்பேனர் வழுக்கி அவள் விரல்மூட்டு கிழிந்தது. நாலாவது கயிற்றில் கிளிப் கவ்வியது. ஆனால் நுனி அவ்வளவு குட்டையாக இருந்தது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்டர்காமை எடுத்தாள்.

"ரெண்டாவது, நாலாவது கயித்துல கிளிப் போட்டிருக்கேன். நாலு நிக்காது. கைச் சக்கரத்தால ஆறாவது மாடிக்கு இறக்கறதுன்னா முக்கால் ஆள் உயரம் கயிறு ஓடணும். ஓடவிட எனக்கு பயமா இருக்கு."

"ஓடவிடாதே. தாடையை மாட்டு," என்றான் கணவன்.

கேபினின் அடியில் இரண்டு இரும்புத் தாடைகள் உண்டு. கயிறு அறுந்தால் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்வதற்காக. கவ்விவிட்டால் கயிறே இல்லாமல்கூட அப்படியே நிற்கும். ஆனால் நிற்கிற கேபினில் அது கவ்வாது. கேபின் கீழே இறங்க ஆரம்பித்தால்தான் கவ்வும். அந்தத் தாடைகளை இழுக்கிற தனிக் கயிறு ஓடும் கவர்னர் சக்கரத்தை மேலே ஒருவர் பூட்டிப் பிடிக்க, இன்னொருவர் பிரேக்கை விடவேண்டும். ஒரு சாண் விழவிட்டால்தான் பிடிக்கும்.

"மேல போயிடுச்சுன்னா?" என்றாள். கேபினில் பாரம் குறைவாக இருந்து, கயிற்றின் மறுபக்கம் தொங்கும் எதிர்ப்பாரம் ஜெயித்துவிட்டால், பிரேக்கை விட்டதும் கேபின் மேல்நோக்கிப் போகும். தாடை கவ்வாது. அந்த உதறலை நாலாவது கயிறு தாங்காது. "உள்ள முன்னூத்தி நாப்பதுக்கு மேல இருக்கணும். இந்தச் சனியன் பிடிச்ச சென்சார் என்ன காட்டினாலும் இனிமே பிரயோஜனம் இல்ல."

"இரு, நான் எடை போடறேன்." அவன் வேறு பக்கம் திரும்பிப் பேசுவது கேட்டது. "மேஸ்திரி, பீரோ எவ்வளவு இருக்கும்?"

"காலி பீரோ நூத்திருவது," என்றது ஒரு கனத்த குரல். "எங்களுக்குத் தோள்தான் தராசு. தப்பாது."

"புஸ்தகப் பெட்டி நாலு இருக்கே?"

"ஒவ்வொண்ணும் இருவத்தஞ்சு. படிச்சவங்க வீடு காலி பண்ணவே கூடாதுங்க, எங்க முதுகு போயிடுது."

"நீங்க?"

"நான் எம்பது."

"மேஸ்திரி, இது மாப்பிள்ளை பார்க்கற இடம் இல்ல. நிஜத்தைச் சொல்லுங்க."

"தொண்ணூத்தி மூணு."

"நான் அம்பத்தெட்டு. நாற்காலி இருவது." அவன் மறுபடி இன்டர்காமுக்கு வந்தான். "முன்னூத்தி தொண்ணூத்தி ஒண்ணு. கீழதான் வரும்."

ஐம்பது கிலோ வித்தியாசம். ஒரு ஒல்லியான ஆளின் எடை. அதன்மேல்தான் எல்லாம் நின்றது.

"தாடையைக் காலி கேபின்லதான் சோதிச்சிருக்கேன்," என்றாள். "பாரத்தோட கவ்வுமான்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

"தீயணைப்புக்காரங்க வர்ற வரைக்கும்..."

"கயிறு நகருதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கிளிப்புக்கு அடியில் ஆப்பின் விளிம்பு மினுங்கியது. புதிதாகத் தேய்ந்த இரும்பு.

"நகருது."

"அப்ப விடு."

ஒல்லி கவர்னர் சக்கரத்தின் கொக்கியைத் தட்டிவிட்டு, அதன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி நின்றான். "அக்கா, பிரேக்கை வேணா நான் பிடிக்கறேன். நீ இங்க வந்துடு," என்றான். அவள் தலையை ஆட்டினாள். பிரேக் நெம்புகோலை மாட்டினாள். இரண்டு கையாலும் பிடித்தாள்.

"மேஸ்திரியைக் கீழ உட்காரச் சொல்லு. பீரோவை விட்டுத் தள்ளி."

"உட்கார்ந்துட்டார்."

"உன் நாற்காலிக்கு பிரேக் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்." பிறகு அவன் சொன்னான்: "சீக்கிரம். யோசிச்சா உன்னால முடியாது."

அவள் நெம்புகோலை அழுத்தினாள்.

பெரிய சக்கரம் அசைந்தது. ஒரு விநாடி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அந்த ஒரு விநாடியில் ஆயுள் முழுக்கப் போய்வந்தது. பிறகு கயிறுகள் கேபின் பக்கமாக ஓடின. வழவழவென்று, அவசரமே இல்லாதவைபோல. ஒல்லியின் கையிலிருந்த கயிறு வெடுக்கென்று இறுகி அவனை முன்னால் இழுத்தது. கீழே, கட்டடத்தின் வயிற்றுக்குள், இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம். தரை அதிர்ந்தது. நாலாவது கயிறு ஆப்பிலிருந்து உருவிக்கொண்டு சாட்டைபோலச் சுவரில் அடித்துவிட்டுத் துளைக்குள் மறைந்தது.

நெம்புகோலை விட்டாள். மீதி இரண்டு கயிறுகளும் தளர்ந்து தொங்கின. ஒன்றிலும் பாரம் இல்லை.

"ஏய்," என்றாள் இன்டர்காமில். "ஏய். பேசு."

பதில் இல்லை.

"பேசுடா!"

"நிக்குது," என்றது மீசைக்காரரின் குரல். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "கவ்விடுச்சும்மா. அண்ணன் நல்லாத்தான் இருக்கார். பேச மாட்டேங்கறார், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு ஆறாவது மாடிக் கதவை அவள்தான் சாவியால் திறந்தாள். கேபினின் தரை அவள் மார்பு உயரத்தில் இருந்தது. அதற்கடியில் கறுப்பாக வாய் பிளந்துகொண்டு, ஆறு மாடி ஆழத்துக்குக் குழி. சாமான் கட்டும் கெட்டிப் பலகைகளை நிறுத்தி அந்த வாயை மூடினார்கள். மீசைக்காரர் உள்ளேயிருந்து அவனை நீட்ட, ஒல்லி வெளியேயிருந்து வாங்கிக்கொண்டான். பலகையைத் தாண்டும்போது கணவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நாற்காலியை அப்புறம் இறக்கினார்கள். அதில் உட்காராமல் படியிலேயே, சுவரில் சாய்ந்து, உட்கார்ந்துகொண்டான்.

அவள் மூன்று படி தள்ளி நின்றாள். கிழிந்த விரலிலிருந்து ரத்தம் ஸ்பேனர்வழியாகத் தரையில் சொட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டாள்.

"ஆபீசுக்குச் சொல்லிட்டியா?" என்றான் கணவன், அவளைப் பார்க்காமல்.

"இப்ப சொல்லப் போறேன்."

"என்னன்னு?"

"நான்தான்னு. பட்டனை அழுத்தினது, கயிறைப் பார்க்காதது, சாவி வெச்சிருந்தது. எல்லாம்."

அவன் தலையை மெதுவாக ஆட்டினான். மீசைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் குந்தினார். "அண்ணே, உங்களைத் தூக்கிக்கிட்டுப் போறேன். மேல வீட்டுக்கா, கீழயா, சொல்லுங்க. இன்னிக்கு எனக்கு எந்த பாரமும் பாரமே இல்ல."

"கொஞ்சம் இருங்க," என்றான் அவன். "முதல்ல அவளுக்குத் தண்ணி கொடுங்க. விழுந்துடுவா போல இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினான். இருந்தாலும் அவளுக்குக் கேட்டது. "என் பக்கத்துல மட்டும் கொஞ்ச நேரம் வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

யாரோ ஒரு வீட்டுக் கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தார்கள். அவள் குடித்தாள். பிறகு ஏழாவது மாடிக்குப் போகும் படிகளில் பாதிவரை ஏறி, கைப்பிடிக் கம்பிகளின் இடுக்கு வழியாக அவன் தலை தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, ஆபீஸ் நம்பரை அழுத்தினாள்.